அக்கா போட்ட இலை

சவர்க்காரம் ஈரமாக இருந்தது.

குகதாசன் அதைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். விமான நிலையத்திலிருந்து இரவு முழுவதும் வாகனத்தில் குலுங்கி வந்து, வெயில் ஏறும் நேரத்தில் படலையைத் திறந்து, பயணப்பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, முகம் கழுவலாம் என்று அப்போதுதான் குளியலறைக்குள் நுழைந்திருந்தான். அறையோடு சேர்ந்த அந்தக் குளியலறை அவனுக்கென்றே கட்டியது. கனடாவிலிருந்து அவன் வந்து நிற்கிற மூன்று கிழமைகள் தவிர வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும். வீட்டில் இருப்பது அக்கா ஒருத்தி. அவள் கிணற்றடியைத் தவிர வேறெங்கும் குளித்தறியாதவள். ஆனாலும் சவர்க்காரம் பாதி தேய்ந்திருந்தது, அதன் முதுகில் நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்து அடங்கிக்கொண்டிருந்தன, சுவரில் தண்ணீர் வழிந்த கோடுகள் இன்னும் மினுங்கின, சந்தன வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம், கரைக்கு இழுத்துவிட்ட வள்ளத்தின் அடியில் குனிந்தால் வருமே அந்த உப்பும் பாசியும் கலந்த வாசம், மெல்ல மெல்ல மேலெழுந்து வந்தது. தரையில் ஒரு கால் தடம். வலது கால். தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தடம் ஒரு விரலளவு சின்னது.

"அக்கா! இஞ்சை ஆரும் வந்து நிண்டவையே?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"இஞ்சை ஆர் வருகினம்? நீதான் வருவாய்," என்றாள் பாலேஸ்வரி. துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அவன் இந்த வீட்டுக்கு விடுமுறைக்கு வருவது இது பதின்மூன்றாவது தடவை. சண்டை முடிந்த பிறகு ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தவன், அதன்பின் நோய்க்காலத்தில் விமானம் பறக்காத இரண்டு வருடங்களைத் தவிர, ஓர் ஆவணியையும் தவறவிட்டதில்லை. சன்னதிக் கோயில் திருவிழா முடிந்து, தீர்த்தமாடிய கூட்டம் கலைந்து, காவடிச் சத்தம் ஓய்ந்து, ஊரான தொண்டைமானாறு மறுபடி மீன் வாங்கத் தொடங்கி இரண்டு கிழமை போன பிறகு வந்து இறங்குவான். இறங்கினால் வேறெங்கும் போவதில்லை. காலையில் ஏரிப் பாலத்தடி, மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் கோயில் வாசல், மறுபடி சாப்பாடு.

"ஆக்கள் கியூபா எண்டு போகினம், மெக்சிக்கோ எண்டு போகினம்," என்று அங்கே மனைவி அருந்ததி முகத்தை நெளிப்பாள். "உங்களுக்கு மட்டும் ஒரு ஏரி, ஒரு கோயில், ஒரு அக்கா. கலியாணத்துக்கு முன்னமே சொல்லியிருந்தால் நான் வேறை ஆரையும் பாத்திருப்பன்."

அவளுக்குச் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. கனடாவில் அவன் வாய்க்கு எதுவுமே ருசிப்பதில்லை. இருபது வயதில் வள்ளமேறி அக்கரைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். சோறும் பாணும் இறைச்சியும் நாக்கில் நனைந்த கடதாசி மாதிரிக் கிடக்கும். நாக்கைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள்; ஒரு குறையும் இல்லை என்றார்கள். முதல் தடவை இங்கே வந்து, அக்கா வைத்த கணவாய்க் கறியைக் குழல் பிட்டோடு குழைத்து ஒரு வாய் வைத்தபோது, உறைப்பும் புளியும் தேங்காய்ப்பாலின் இனிப்பும் ஒன்றாக எழும்பி நாக்கில் அடித்தன. சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். மூன்று கிழமை ருசித்தது. விமானம் ஏறியதும் போய்விட்டது. அடுத்த ஆவணியில் வந்தபோது திரும்பக் கிடைத்தது. நீங்களும் ஓர் ஊரையே சுற்றிச் சுற்றிப் போகிறவர்களாக இருந்தால், அங்கே உங்களை இழுப்பது எது என்று ஒருநாள் ஆறுதலாக இருந்து யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே. அவன் யோசிக்கவில்லை. ருசிக்கிறதே, அது போதும் என்று இருந்துவிட்டான்.

இந்த முறை விமானச் சீட்டு முந்திய கிழமைக்குத்தான் கிடைத்தது. வழக்கத்தைவிட ஏழு நாள் முன்னதாக வந்திருந்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

சவரம் செய்யப் பிளேட் இல்லை. ஒழுங்கை போய் முடிகிற முச்சந்தியில் மார்க்கண்டுவின் கடை இருந்தது. எழுபது வயதான மார்க்கண்டு கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன கனடா, நேற்று வாங்கின பிளேட் அதுக்கிடையிலை மழுங்கிப் போச்சே? உம்மடை முகத்திலை கிடக்கிறது தாடியோ, முள்ளுக்கம்பியோ?"

"நேற்று நான் பிளேனுக்குள்ளை அண்ணை."

"பிளேனுக்குள்ளை இருந்தவர்தான் நேற்றுப் பின்னேரம் உந்த வாங்கிலை குந்தியிருந்தவர். நீலக்கோட்டுச் சேட்டு. நனைஞ்சு ஊறிப்போய். கடலுக்கை விழுந்தனீரோ எண்டும் கேட்டன். ஒரு சத்தமில்லை. கனடாக்காரருக்கு எங்களோடை கதைச்சால் வாய் தேஞ்சு போமாக்கும்."

"வேறை ஆரையோ கண்டிருக்கிறியள்."

"எனக்கு வெள்ளை படர்ந்தது வலக்கண்ணிலை. உம்மை நான் இடக்கண்ணாலை பாத்தனான்," என்று தன் பகிடிக்குத் தானே சிரித்தார் மார்க்கண்டு.

குகதாசனும் சிரித்தான். சிரித்தபடியே திரும்பியவன் வாங்கைப் பார்த்தான். வெயில் நேரே விழுகிற பலகை. அதன் நடுவில் ஓர் ஆள் இருந்தெழும்பிய அளவுக்கு ஈரம்.

நீலக்கோடு போட்ட சேட்டு அவனிடம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. இருட்டுக் கரையொன்றிலிருந்து அக்கரைக்குப் புறப்பட்ட வள்ளத்தில் பதினெட்டுப் பேர். பக்கத்தில் இருந்தவன் காய்ச்சலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். அம்மாவுக்குத் தான் ஒரே பிள்ளை என்றான். குகதாசன் தன் நீலக்கோட்டுச் சேட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டான். கை நடுங்குது, இதைக் கொஞ்சம் பிடியும் என்று அவன் ஒரு பொலித்தீன் பையைக் குகதாசனிடம் கொடுத்தான். இதுவரையில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு வள்ளம் புரண்டது. விடியும்போது குகதாசன் அக்கரை மணலில் கிடந்தான், பை அவன் கையில் இருந்தது.

இந்தக் கரையில், சன்னதித் தீர்த்தத்தன்று, நீலக்கோட்டுச் சேட்டோடு ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. சேட்டைக் கண்டதும் அப்பா நெஞ்சிலடித்துக்கொண்டு விழுந்தார். குகதாசா, குகதாசா என்று அழுது எரித்தார்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவு: அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, அவன் படுத்த அறையில் இலை போட்டுப் படைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, செத்தவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே காத்திருந்தார்கள். பிறகு மூன்று தரம் தட்டித் திறந்து, படைத்ததைப் பனையோலைக் கடகத்தில் அள்ளி, பந்தம் பிடித்து, முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து அவனுடைய கடிதம் வந்தது. அக்கா பதில் எழுதினாள். அப்பா சன்னதிக்கு ஓடிப்போய் உருண்டதை எழுதினாள், அயலெல்லாம் வந்து கடிதத்தைத் தொட்டுப் பார்த்ததை எழுதினாள். கடைசி வரியில் மட்டும்: "அப்ப நாங்கள் ஆரை எரிச்சனாங்கள்?"

அந்த வரிக்கு அவன் பதில் எழுதவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அக்கா மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அவன் வந்து நிற்கையில் ஒரே ஒரு தடவை கேட்பாள். தெரியாது என்பான். அவள் எழும்பிப் போய் அடுப்பை மூட்டுவாள்.

மத்தியானம் கணவாய்க் கறியும் முருங்கைக்காய்ப் பாற்கறியும் பொரித்த திரளி மீனும். பதினொரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்த சாப்பாடு. கறியின் மணம் குசினியிலிருந்து விறாந்தை தாண்டி வந்து மூக்கைத் தொட்டது. அவன் குழைத்து, உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை வைத்தான்.

கடதாசி.

இன்னொரு வாய். நனைந்த கடதாசி. மிளகாயைத் தனியாகக் கடித்தான். ஒன்றுமில்லை.

அவனுடைய அறைப்பக்கம் சாத்திக் கிடந்த கதவுக்கு அந்தப்புறமிருந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட ஒருவன் விடுகிற ஏவறைச் சத்தம் கேட்டது.

அக்கா தலை நிமிரவில்லை. மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது கேட்டதே அக்கா?"

"நான் முப்பத்தைஞ்சு வருசமாக் கேக்கிறன்," என்றாள். "நீ இண்டைக்குத்தான் கேக்கிறாய். ஏனெண்டால் நீ எப்பவும் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வாறனீ. சோறு தின்ன."

கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். அறுபத்தாறு வயது. கலியாணம் கட்டாதவள். முன்பு இரண்டு மூன்று இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் மறுத்தாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"உன்ரை கடிதம் வந்த அந்த வருசம், என்ரை தம்பி உயிரோடைதானே, இனி என்னத்துக்கு எண்டு இலை போடாமல் விட்டனாங்கள்," என்றாள். "தீர்த்தம் முடிஞ்ச எட்டாம் நாள். பொழுதுபட்ட மைம்மல் நேரம். உந்த அறைக் கதவிலை தட்டிக் கேட்டுது. மூண்டு தரம். உள்ளுக்கிருந்து."

அவன் கதவைப் பார்த்தான். சாதாரணக் கதவு. பச்சைப் பெயின்ற்.

"அதுக்குப் பிறகு ஒரு வருசமும் அந்த நாளை விட்டதில்லை. இண்டைக்கும் அந்த நாள்தான். எரிச்சதும் நாங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நாங்கள். வந்தவனைப் பசியோடை வைச்சிருக்கேலுமே? இலை போட ஆரும் இஞ்சை இருக்கத்தானே வேணும். உனக்குக் கனடா இருக்கு. எனக்கு உது இருக்கு."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னால் நீ வரமாட்டாய்."

வெயில் வளவில் அசையாமல் நின்றது. அக்கா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"அந்த உடம்பின்ரை கழுத்திலை நூலிலை கோத்த ஒரு சின்னச் சிலுவை கிடந்தது. குளிப்பாட்டேக்கை நான்தான் கண்டனான். அப்பாவுக்குக் காட்டாமல் அறுத்து எடுத்து அலுமாரிக்கை வைச்சன். நான் செய்த பிழை அது. சிலுவை போட்டவனைப் புதைக்காமல் எரிச்சுப் போட்டம். அந்த வள்ளத்திலை போய்க் காணாமல் போனவை ஆரெண்டு வருசக்கணக்கா விசாரிச்சு, போன மாசம் அதைக் கொண்டு பாசையூருக்குப் போனன். மக்டலீன் எண்டு ஒரு அம்மா. எண்பத்தெட்டு வயசு. கண் மங்கல். காணாமல் போன பிள்ளையின்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு வாசலிலை இருக்கிறா. சிலுவையைக் கையிலை குடுத்தன். தடவிப் பாத்தா. இது எங்கையிருந்து எண்டு கேக்கேல்லை. 'சாப்பிட்டானோ' எண்டுதான் கேட்டவ."

குகதாசன் தன் கோப்பையை ஒருபக்கம் தள்ளி வைத்தான்.

"ஓம் அம்மா, வருசா வருசம் நான் குடுக்கிறனான் எண்டு சொன்னன்." அக்கா அவனை நேரே பார்த்தாள். "பேர் எனக்குத் தெரியும் தம்பி. ஆனால் நான் சொல்லிப் பிரயோசனமில்லை. கடைசியா அவனைக் கண்டது நீ. பேரை அவன் சொன்னது உனக்கு. உன்ரை வாயாலை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இண்டைக்கு இலையைப் போடுவம். அவன் அவனாச் சாப்பிட்டிட்டுப் போகட்டும். தாய் கோயிலிலை பூசை ஒப்புக்குடுக்கட்டும். கடைசியாக் கேக்கிறன். நாங்கள் ஆரை எரிச்சனாங்கள்?"

ஒரு பெயர். மூன்று எழுத்துத்தான். லெனாட்.

அது அவனுடைய கனடாக் கடவுச்சீட்டில் இருந்தது. அக்கரை அகதி முகாமில் பொலித்தீன் பையைப் பிரித்து, அதற்குள் இருந்த பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து, "லெனாட்டா?" என்று கேட்டார்கள். தன்னுடையதென்று காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. ஓம் என்றான். அந்த ஓம் என்ற சொல்லில் ஏறித்தான் கனடா போனான். அதில்தான் வேலை, வீடு, குடியுரிமை. பிள்ளைகளின் பெயருக்குப் பின்னாலும் அதுதான். பத்திரத்தில் தாயின் பெயர் இருந்தது, பாசையூர் விலாசம் இருந்தது. முதல் வருடமே ஒரு முத்திரை ஒட்டி எழுதியிருக்கலாம். எழுதினால் பிடிபடுவோம் என்று பயந்தான். பிறகு பயம் போய்விட்டது, பழகிவிட்டது. இப்போது சொன்னால் அக்கா தாயிடம் சொல்வாள், தாய் ஊருக்குச் சொல்வாள், எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

"எனக்குத் தெரியாது அக்கா."

அக்கா கதிரையை விட்டு எழும்பினாள்.

"சரி," என்றாள். "அப்ப வழக்கம் போலை என்ரை தம்பின்ரை பேரிலைதான் போடப்போறன். குளிச்சிட்டு வா."

மைம்மல் வந்தது. ஏரிப்பக்கமிருந்து காற்று விழுந்துபோய், தென்னோலைகள் சத்தமில்லாமல் தொங்கின. குசினியில் கணவாய் மறுபடி கொதித்தது, சாம்பிராணிப் புகை விறாந்தை வழியே ஊர்ந்து வந்தது, எங்கோ ஒரு வள்ளத்தின் இயந்திரம் இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு அணைந்தது. தொலைபேசியை விறாந்தையில் மின்னேற்றப் போட்டுவிட்டுக் குகதாசன் குளியலறைக்குள் போனான். நாளைக் காலை கொழும்புக்குப் போய்விடலாம். அங்கே ஒரு விடுதி எடுக்கலாம். இனி இந்தப் பக்கம் வருவதில்லை. ருசி இல்லாவிட்டால் வரத்தான் ஏன்? மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தலையில் தண்ணீரை ஊற்றினான். சவர்க்காரத்தை எடுத்தான். அது காலையில் இருந்ததைவிட மெலிந்திருந்தது.

கண்ணில் நுரை. அறைக்குள் அக்காவின் காலடி. இலை விரியும் சரசரப்பு. பாத்திரங்கள்.

"குகதாசா," என்று அக்கா மெல்லச் சொல்வது கேட்டது. அது அவனைக் கூப்பிடுகிற குரல் அல்ல. "குகதாசா, வந்து சாப்பிடு ராசா."

பிறகு, விறாந்தைப்பக்கம் திரும்பி, அவள் வழமையான குரலில்: "தம்பி, இலை போட்டிட்டன். குளிச்சு முடிஞ்சால் வெளியாலை வா, கதவைச் சாத்தப் போறன்."

அவன் வாயைத் திறந்தான்.

"வந்திட்டன் அக்கா," என்றது ஒரு குரல். விறாந்தையிலிருந்து.

அவனுடைய குரல்.

கதவு சாத்தப்பட்டது. வெளியே கொண்டி விழுந்தது.

சாரத்தைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் பாய்ந்தான். குத்துவிளக்கு ஒன்று. இலை. இலை நிறையச் சாப்பாடு. குளியலறை வாசலிலிருந்து கதவு வரைக்கும் ஈரக் கால் தடங்கள். மிதித்துப் பார்த்தான். இப்போது அளவு சரியாக இருந்தது.

கதவில் அடித்தான். இரண்டு கையாலும் அடித்தான். சத்தம் வரவில்லை. பலகையில் கை படுவது தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை.

"அக்கா! நான் உள்ளுக்கை!"

வெளியே கதிரை இழுபடும் சத்தம்.

"இதென்ன தம்பி, உந்தப் பழைய சேட்டை எங்கையிருந்து எடுத்தனீ?"

"பெட்டிக்குள்ளை கிடந்தது அக்கா."

"ஈரமாக் கிடக்கு."

"காஞ்சிடும்."

தொலைபேசி அடித்தது. அருந்ததி இந்த நேரத்தில்தான் எடுப்பாள். அவன் கதவோடு காதை வைத்தான். எடுக்காதே. எடுக்காதே.

"ஓம், சொல்லும் அருந்ததி. ஓம், நல்லாச் சாப்பிட்டன்." சின்னச் சிரிப்பு. "ஓமோம், நல்ல ருசி."

அவன் கீழே இருந்தான். இலைக்கு முன்னால்.

பசி அப்போதுதான் வந்தது. அது வயிற்றில் தொடங்கவில்லை. விரல் நுனியில் தொடங்கியது, பல்லில், கண்ணுக்குப் பின்னால். முப்பத்தைந்து வருடக் கடதாசி எல்லாம் ஒரே நேரத்தில் பசித்தது. கணவாயின் ஆவி முகத்தில் அடித்தது. தொடக்கூடாது என்று தெரியும். யாருக்குப் போட்ட இலை என்று தெரியும். பெயரைச் சொன்னால் போதும் என்றும் தெரியும். மூன்று எழுத்து. வாயைத் திறந்தான்.

திறந்த வாய்க்குள் சோற்றை வைத்தான்.

ருசித்தது. கடவுளே, எப்படி ருசித்தது. உறைப்பு, புளி, பாற்கறியின் இனிப்பு, பொரித்த மீனின் கருகல் ஓரம். அழுதுகொண்டு தின்றான். இலையை வழித்தான். இலையை நக்கினான்.

வெளியே இருவரும் கதைத்தார்கள்.

"அக்கா, நாளைக்குப் பாசையூருக்குப் போட்டு வருவமே?"

அக்கா அழுகிற சத்தம்.

"போவம் தம்பி. இப்பவாவது கேட்டியே. போவம்."

தட்டு. தட்டு. தட்டு.

கதவு திறந்தது.

அக்கா நின்றாள், கையில் கடகம். அவளுக்குப் பின்னால் ஒருவன் பந்தத்தைக் கொளுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். நீலக்கோட்டுச் சேட்டு. நுனியில் தண்ணீர் சொட்டியது. முகம் குகதாசனுடையது. இன்று காலை பிளேட்டால் வெட்டிய கீறல்கூட நாடியில் இருந்தது.

"அக்கா!"

அக்கா குனிந்தாள். அவனுக்கு ஊடாகக் குனிந்தாள். அவன் வழித்துத் தின்ற சோற்றை, அது இலையில் தொடாமலே இருப்பது மாதிரி, பார்த்தாள். எல்லாவற்றையும் அள்ளிக் கடகத்தில் போட்டாள். கடகத்தைத் தூக்கினாள்.

அவன் எழும்பினான். எழும்ப வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை. கடகம் போன பக்கம் கால் போனது.

படலை. ஒழுங்கை. முன்னால் பந்தம். மார்க்கண்டுவின் கடை பூட்டிக் கிடந்தது. வாங்கில் ஈரம் இல்லை, காய்ந்துவிட்டது.

முச்சந்தியின் நடுவில் அக்கா கடகத்தைக் கவிழ்த்தாள். பந்தத்தை மணலில் குத்தினாள். திரும்பி நடந்தாள். இந்த நேரத்தில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயின் குரலில் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவன் பின்னால் போகப் பார்த்தான். கால் வரவில்லை. பந்தத்தின் வெளிச்சம் முடிகிற இடத்தில் கால் நின்றது.

"அக்கா! நான் குகதாசன்! அக்கா!"

அவள் நடந்தாள்.

"லெனாட்!" என்று கத்தினான். "அவன்ரை பேர் லெனாட்! அக்கா, நீங்கள் எரிச்சது லெனாட்டை!"

அக்காவின் கால் நின்றது.

சேலைத் தலைப்பு அசைந்தது. தோள் கொஞ்சம் திரும்பியது. அவன் மூச்சைப் பிடித்தான்.

"ஓம் ராசா," என்றாள் அக்கா, இருட்டைப் பார்த்தபடியே. குரல் இளகியிருந்தது. அவனோடு அவள் ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை. "தெரியும். நாளைக்கு உன்ரை அம்மாவிட்டைப் போறம். தம்பியும் வாறான். வயிறு நிறைஞ்சுதெல்லே? இனிப் போ. இனி இஞ்சை வராதை."

நடந்தாள். படலை சாத்திய சத்தம்.

பந்தம் தணிந்தது. தூரத்தில் வீட்டின் குளியலறை விளக்கு எரிந்தது. தண்ணீர் விழும் சத்தம். ஆறுதலாக, அவசரமில்லாமல், யாரோ தேய்த்துக் குளிக்கிறார்கள். காற்றில் சந்தன வாசம் வந்தது. சந்தன வாசம் மட்டும்.

அவனுக்குப் பசித்தது.

கை மணலுக்குப் போனது. கொட்டிக் கிடந்த சோற்றைத் துழாவியது. ஒரு பிடி அள்ளியது.

சோற்றில் மணல் இருந்தது. ருசியாக இருந்தது.